மிச்சக் கரி

யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காத வருஷங்களில் எங்கள் அரூர்–தருமபுரி பஸ் கரியில் ஓடியது. பின்புறம் பொருத்திய உருளையில் கரி கனன்று, அந்த வாயுவில் எஞ்சின் ஓடும். ஓட்டுவது என் கணவர் முனிராஜ். அவருக்கு எழுத வராது. மாதாமாதம் கரிக்குப் பங்கீட்டு ஆபீஸுக்கு மனு எழுதுவது நான். நாளுக்கு மூன்று மூட்டை.

மொரப்பூர் மேட்டில் வண்டி ஏன் மூச்சுத் திணறுகிறது என்ற கேள்வி என்னை விடவில்லை. ஒருநாள் மூட்டையைக் கொட்டிப் பார்த்தேன். அடியில் அத்தனையும் தூள். கடலை சலிக்கும் சல்லடையில் சலித்து, கட்டிகளை வெயிலில் காயவைத்துக் கொடுத்தேன்.

"ஏம்மே, வண்டிக்கு என்னா தின்னக் கொடுத்த? குதிர மாதிரி ஏறுது."

"அடுத்து உங்களச் சலிக்கலாம்னு இருக்கேன்."

இரண்டு மூட்டையே போதுமாயிற்று. மாத முடிவில் முப்பது மூட்டை மிஞ்சியது. அதை மனுவில் அப்படியே எழுதினேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

பங்கீட்டு ஆபீஸ் அந்த முப்பதையும் கழித்துக்கொண்டு, இனி நாளுக்கு இரண்டுதான் என்று எழுதியது. மழை மாதம் நெருங்கிவிட்டது. ஈரக் கரியானால் மூன்று மூட்டையே இழுபறி. வண்டி அடிக்கடி நின்றால் பர்மிட் போய்விடும்.

"உன்ன யாரு எழுதச் சொன்னா?" என்றார் கணவர்.

சல்லடையோடு தருமபுரியில் இருந்த அந்த ஆபீஸுக்குப் போனேன். குமாஸ்தா சென்னப்பன் கோபிக்கவில்லை. "எப்படிம்மா மிச்சம் புடிச்சீங்க?" என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். ஆபீஸின் கரிக் கிடங்கில் குந்தி, என் சல்லடையை வாங்கித் தானே சலித்தார். வெள்ளைச் சட்டை கறுத்தது.

"அட, இத்தன தூளையா அனுப்பறோம்!"

"இங்கயே சலிச்சு அனுப்பினா எல்லா வண்டிக்கும் மிச்சமாகுமேங்க."

"எடை குறையும்மா. குறைஞ்சதுக்கு நான்ல பதில் சொல்லணும்."

"அப்ப மழைக்கு நாங்க என்னா பண்றது?"

மனுப் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "எஞ்சின் பழுதுன்னா ஒரு மூட்ட கூடக் கேக்கலாம்."

"எஞ்சின் நல்லாத்தானுங்க இருக்கு."

"அத எழுத இதுல எடமில்லையே."

எனக்குள் கோபத்தைத் தேடினேன். இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி வந்து நின்றது.

"இதுவரைக்கும் எத்தன வண்டி பழுதுங்க?"

மனுக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கே வியப்பு கூடியது.

"மொத்தம் பதினொரு வண்டி ஓடுது. அதுல பத்து பழுது. உங்களுது ஒண்ணுதாம்மா நல்லா இருந்துது."

பேனாவை என் பக்கம் நீட்டினார். எங்கள் வண்டி பழுது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.