கம்பெனி பஸ் தூக்கம்

மோகனப்பிரியா தூங்குவதெல்லாம் பஸ்ஸில்தான். வீட்டில் படுப்பாள், கண்ணை மூடுவாள், அதோடு சரி.

சென்னிமலையைத் தாண்டியதும் வரும் ஒரு பிரிவு ரோட்டில், பொழுது விடிந்ததும் விடியாததுமாகத் திருப்பூர் பனியன் கம்பெனி பஸ் வந்து நிற்கும். அதுதான் முதல் ஸ்டாப். உள்ளே டிரைவர் நாசர் பாயைத் தவிர ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். ஏறியவள் நேராகப் பின்னால் போவாள். கடைசி நீள சீட்டில், கையோடு கொண்டுவந்த போர்வையை மடித்துத் தலைக்கு வைத்து, செருப்பைக் கழற்றிக் கீழே தள்ளிவிட்டு, காலை மடக்கிப் படுத்துவிடுவாள். பின்னால் தூக்கித் தூக்கிப் போடும் என்று மற்ற பெண்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. போட்டால் போடட்டுமே! நாசர் பாய் அடுத்த கியர் மாற்றுவதற்குள் அவள் தூங்கிப் போயிருப்பாள்.

சும்மா சொல்லக்கூடாது, அது ஒரு தூக்கம். வாய் பிளந்து, எச்சில் ஒழுகி, ஒரு கை சீட்டுக்குக் கீழே தொங்க, இந்த உலகத்தில் யாருக்கும் தான் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்கிற மாதிரி தூங்குவாள். வழியில் ஏறுகிறவர்கள் போனில் பாட்டு வைப்பார்கள், ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடுவார்கள். எதுவும் அவள் காதில் ஏறாது. கம்பெனி கேட் வந்ததும் மெஹராஜ்தான் காலைத் தட்டி எழுப்புவாள். மெஹராஜ் அவளோடு, தைத்த பனியனில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங்கில் ஒரே மேஜையில் நின்று வேலை செய்கிறவள். சாயங்காலம் திரும்பும்போதும் அதே சீட்டு, அதே தூக்கம்தான்.

வீட்டில் தூங்கினால் என்ன என்று கேட்கலாம். மாமியார் பூவாத்தாள் போன வருஷம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் செய்தும் நடை வரவில்லை, கட்டிலோடு கிடக்கிறாள். பகலில் பக்கத்து வீட்டுக்காரி அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்வாள். அந்த நேரத்தில் பூவாத்தாள் அயர்ந்து தூங்குவாள், ராத்திரியானால் கொட்டக் கொட்ட முழித்திருப்பாள். பெட்பேன் வைக்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். கெட்ட மாமியாராக இருந்திருந்தால் திட்டியாவது ஆற்றிக்கொள்ளலாம். பூவாத்தாளோ மகா மரியாதைக்காரி. “அம்மணி, முழிச்சிட்டிருக்கறயா?” என்றுதான் ஒவ்வொரு தரமும் கேட்பாள். அந்த நேரத்தில் எவள் முழித்துக்கொண்டிருப்பாள்? முழித்துத்தான் இருக்கிறேன் என்று பொய் சொல்லிக்கொண்டே மோகனப்பிரியா எழுந்து போவாள்.

பெற்ற பிள்ளை மனோஜ்குமார், அதாவது மோகனப்பிரியாவின் புருஷன், உள்ரூமில் ஃபேனைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு குறட்டை விடுவான். காலையில் பைக் ஓட்ட வேண்டுமாம். இவள் காலையில் ஊஞ்சலா ஆடப் போகிறாள்?

அவனுக்குத் திருப்பூரில் ஒரு நூல் குடோனில் இன்சார்ஜ் வேலை கிடைத்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது. தினமும் பைக்கில் போய் வந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. அது அவனுடைய முதுகு, வலித்திருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பும் சோறும் சாப்பிட்டு ஏப்பம் விட்டபடி அவன் சொன்னது வேறு. மோகனப்பிரியாவின் கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற தெருவில் ஒரு வீடு பார்த்துவிட்டானாம். இனி அவளுக்கு பஸ்ஸே வேண்டாம், பொடிநடையாகப் போய் வரலாம், அவள் அலைச்சலைப் பார்த்துத்தான் இந்த முடிவு என்றான். சொல்லிவிட்டு, சந்தோஷம் தெரிகிறதா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊரே அவனை மெச்சியது. புருஷன் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரி அங்கலாய்த்தாள். மோகனப்பிரியாவின் அம்மா கோபியிலிருந்து போன் பண்ணி, குடுத்துவைத்தவள் என்றாள். திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறிப் படுத்த மோகனப்பிரியா, இன்னும் எத்தனை நாளைக்கு இந்த சீட்டு என்று நினைத்து நினைத்தே தூங்காமல் போனாள். மெஹராஜ் விசாரித்தபோது உடைந்து அழுதுவிட்டாள்.

வாயைத் திறந்து சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும், போய்ச் சொல்லிவிடுங்கள் என்றாள் மெஹராஜ். நியாயமான பேச்சுதானே?

சாயங்காலம் மனோஜ்குமார் ஹாலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கச் சுவரோரம்தான் பூவாத்தாளின் கட்டில். அவள் கண்ணை மூடிக் கிடந்தாள். மோகனப்பிரியா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள்.

“ஏனுங்க, எனக்கு அந்த ஊடு வேண்டாமுங்க. நா தூங்கறதே பஸ்ஸுலதானுங்க. அதும் இல்லீன்னா நா எங்கீங்க போயித் தூங்குவேன்?”

அவன் முதலில் சிரித்தான். பஸ்ஸில் தூங்குவதற்காக வேலைக்குப் போகிற பொம்பளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்றான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவனுக்கு முகம் மாறிவிட்டது. அவள் தணிந்த குரலில், வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு ராத்திரி நீங்கள் எழுந்து பார்த்தால் போதும் என்று கேட்டாள். அம்மாவுக்கு ஆம்பிளை செய்கிற காரியமா அது என்றான். அப்படியென்றால் ராத்திரிக்கு மட்டும் ஒரு ஆள் வைக்கலாமா என்றாள். காசுக்கு வருகிற வெளியாள் கை பட்டால் அம்மாவுக்கு ஆகாது என்றான். எதற்கும் பதில் வைத்திருந்தான் மகராசன். கடைசியில், வேண்டுமென்றே கட்டில் பக்கம் கேட்கிற மாதிரி சத்தத்தை உயர்த்தினான்.

“அப்ப எங்கம்மாதான் உன்னயத் தூங்க உடாமப் பண்ணுது. அதத்தான சொல்ல வர்ற?”

அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் என்பதால் இல்லையென்றும் சொல்ல வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். பூவாத்தாளின் கண் மூடியேதான் இருந்தது.

மறுநாள் மோகனப்பிரியா கண் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் வந்திருந்தது, கம்பெனி பஸ் போயிருக்கும். ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. உடம்பு இலேசாக இருந்தது, தலை கனக்கவில்லை. தன் வீட்டில், தன் பாயில், ஒரு முழு ராத்திரியைத் தூங்கியிருக்கிறாள்! அடடா என்று கையைக் காலை நீட்டி நெட்டி முறித்தாள். அப்புறம்தான் யாரும் கூப்பிடவில்லை என்பது உறைத்தது. எழுந்து அத்தையின் கட்டிலுக்கு ஓடினாள்.

பூவாத்தாள் முழித்துக்கொண்டுதான் கிடந்தாள். சேலையும் விரிப்பும் தொப்பலாக நனைந்து, ஹால் முழுக்க நெடி. எத்தனை நேரமாக அந்த ஈரத்தில் கிடந்தாளோ, தொடையெல்லாம் சிவந்து போயிருந்தது. போர்வையின் நுனியைச் சுருட்டி வாயில் கவ்வியிருந்தாள், வலியில் முனகினால்கூட மருமகள் காதில் விழுந்துவிடும் என்று. மோகனப்பிரியாவைப் பார்த்ததும் அதை எடுத்துவிட்டு வறண்ட குரலில் கேட்டாள்.

“நல்லாத் தூங்குனயா கண்ணு?”

மோகனப்பிரியாவுக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. ஏனென்றால் நன்றாகத்தான் தூங்கியிருந்தாள். வெந்நீர் வைத்துத் துடைத்து, சேலை மாற்றி, தேங்காய் எண்ணெய் தடவி, இனிமேல் கூப்பிடாமல் இருக்கவே கூடாது என்று அத்தையின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். பூவாத்தாள் எல்லாவற்றுக்கும் சரி அம்மணி, சரி அம்மணி என்றாள்.

மனோஜ்குமார் தோளில் துண்டோடு வந்து எட்டிப் பார்த்தான். நனைந்த துணி மூட்டையைப் பார்த்து மூக்கைச் சுளித்தான்.

“உங்க ரெண்டு பேருக்குள்ள பேசித் தீத்துக்கற விசியம். இதுக்குப் போயி ஊடு வேண்டாம், பஸ்ஸு வேணும்னு என்ர உசுர வாங்கிப்போட்ட.”

வெள்ளிக்கிழமை புது வீட்டில் பால் காய்ச்சலாம் என்று அவனே முடிவு செய்தான். மோகனப்பிரியா சரியென்று தலையாட்டினாள். சண்டை போட அவளிடம் தெம்பு மிச்சமில்லை.

திருப்பூர் வந்து மாசக்கணக்காகிறது. பகலில் மோகனப்பிரியாவே சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து அத்தையைப் பார்த்துவிட்டுப் போகிறாள். பூவாத்தாள் அன்றைக்குச் சரி என்று சொன்னதோடு சரி, அதற்கப்புறம் ஒரு ராத்திரிகூட வாய் திறக்கவில்லை. கூப்பிட்ட காலத்தில், கூப்பிடுகிற வரைக்குமாவது கண்ணசந்து கிடக்க முடிந்தது. இப்போது எப்போது வேண்டியிருக்கும் என்றே தெரியாததால் மோகனப்பிரியா படுப்பதும் எழுவதுமாகக் கிடக்கிறாள். விரிப்பைத் தொட்டுப் பார்க்கிறாள், வந்து படுக்கிறாள், மறுபடி எழுகிறாள். கம்பெனியில் நின்றபடியே கண் செருகி, ஓட்டை விழுந்த பீஸை நல்லது என்று தள்ளிவிட்டு ஏச்சு வாங்குகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூவாத்தாளின் தம்பி காளிச்சாமி வீடு பார்க்க வந்தார். மனோஜ்குமார் மாமனை ஒவ்வொரு ரூமாகக் கூட்டிப்போய்க் காட்டினான். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா ராத்திரியில் ஒரு சத்தம் போடுவதில்லை, நிம்மதியாகத் தூங்குகிறது, எல்லாம் மனை ராசி என்றான். காளிச்சாமி நம்ப முடியாமல் மருமகளைக் கேட்டார்.

“நெசமா அம்மணி? அக்கா ராத்திரியில கூப்புடறதே இல்லியா?”

மோகனப்பிரியா கட்டிலைப் பார்த்தாள். பூவாத்தாள் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள்.

“இல்லீங்க,” என்றாள் மோகனப்பிரியா. “ஒருக்காக்கூடக் கூப்புடறதில்லீங்க.”

மனோஜ்குமார் பெருமையாகச் சிரித்தான்.