அக்கரையில் ஒரு பிடில்

குருத்தோலை ஞாயிறு வந்த பிறகும் ஹன்னா ஆற்றின் இக்கரையிலேயே நின்றாள்.

அது கன்சாஸ் சமவெளி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கணவனை இழந்தவள் அவள். அக்கரையில் எலியாஸ் அவளுக்காகக் காத்திருக்கிறான். இடையில் பனி உருகிப் பொங்கிய ஆறு. ஹன்னாவின் வண்டியில் பூட்டியிருந்த இரண்டு குதிரைகளும் ஒரு மாதமாகத் தண்ணீரில் கால் வைக்க மறுத்தன. அவற்றை எழுதி இறக்க வேண்டிய பிளோறன்ஸ், ஜெர்மனியின் ஹம்பேர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில், மடித்த படுக்கை விரிப்பையே திரும்பவும் உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

பாரிசிலிருந்து வரும் ஒரு தமிழ் மாத இதழில் அவளுடைய தொடர்கதை வந்துகொண்டிருந்தது. அகதியாக வந்திறங்கிய காலத்தில், ஞாயிறு மத்தியானங்களில் தொலைக்காட்சியில் போன குதிரைப் படங்களைப் பார்த்துப் பிடித்த பைத்தியம் அது. ஜெர்மன் விளங்காவிட்டாலும் குதிரை ஓடுவது விளங்கியது. "மன்னாரில நீர் கண்டதெல்லாம் கழுதைதானே, குதிரையைப் பற்றி என்னண்டு எழுதுறீர்?" என்று கணவர் செல்வரட்ணம் கேட்பார். கேட்டுவிட்டு, புது இதழ் வந்ததும் முதலில் அவர்தான் வாசிப்பார்.

அவளுக்குக் குதிரைகளைத் தந்தது உண்மையில் ஒரு பாட்டுக் கசெற். பழைய சாமான் சந்தையில் அகப்பட்டது. மேலே பெயர் இல்லை. உள்ளே பிடிலும், பாஞ்சோ என்ற தந்தி வாத்தியமும் மட்டும். எஸ்-பான் ரயிலில் வேலைக்குப் போகும்போது அதை வோக்மனில் போட்டுக் காதில் மாட்டுவாள். தண்டவாளத்தின் தடதடப்பும் பிடிலும் ஒன்றாகச் சேரும் இடத்தில் ஜன்னலுக்கு வெளியே புல்வெளி விரியும். ஹன்னாவின் பாவாடையில் ஒட்டிய புழுதிகூடத் தெரியும். எலியாஸ் பிடில் வாசிப்பவனானதும் அப்படித்தான். இறங்கியதும் வேலை தொடங்குமுன் இரண்டு பக்கம் எழுதிவிடுவாள்.

இந்த வருஷம் அந்த வோக்மனைத்தான் அவள் தவக்காலத்துக்கு விட்டுவிட்டாள்.

மகள் லவினியாவுக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சிக்கு இடம் எங்கும் கிடைக்கவில்லை. விண்ணப்பங்கள் போன வேகத்தில் திரும்பி வந்தன. பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கத் தொடங்கியதும், பிளோறன்ஸ் மடு மாதாவிடம் நேர்ந்தாள்: தவக்காலம் முடியும் உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் அந்தப் பாட்டைக் கேட்கமாட்டேன். இறைச்சியை வருஷாவருஷம் விடுகிறவள். பெரிய காரியத்துக்குப் பெரிதாக ஒன்றை வைக்கவேண்டும் என்று பட்டது. கதை எப்படியும் பங்குனி இதழோடு முடிந்துவிடும் என்று மனதில் ஒரு கணக்கு.

கணக்குப் பிழைத்தது. மகளுக்கு ஒரு கண்ணாடிக் கடையில் இடம் கிடைத்தது, கதை முடியவில்லை. இதழாசிரியர் பாஸ்கரன் தொலைபேசி எடுத்தார்.

"அக்கா, அந்தப் பெட்டையை ஆத்தங்கரையில விட்டிட்டு நீங்கள் எங்கை போட்டியள்? பெரிய வியாழனுக்கு முதல் அனுப்பாட்டி உயிர்ப்பு இதழில வெறும் பக்கம்தான். சனம் எனக்கு அடிக்கும்."

"அனுப்புறன் தம்பி."

"கடக்கிறாளோ, இல்லையோ?"

"தெரியேல்லை."

"எழுதுறவவுக்கே தெரியேல்லையெண்டால் நல்லாயிருக்கு."

அவள் எழுதிப் பார்க்காமல் இல்லை. நேர்ந்தது கசெற்றைத்தானே, கோவில் பாட்டுக்குத் தடை இல்லையே என்று சிலுவைப்பாதைப் பாடல்களை மனதில் ஓடவிட்டு எழுதினாள். எலியாஸ் முழங்காலில் விழுந்து பாவங்களை நினைத்து அழுதான். குதிரைகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கல்வாரி ஏறுவதுபோல நடந்தன. கிழித்துப் போட்டாள். பாட்டே இல்லாமல் எழுதினால் ஆறு வெறும் தண்ணீராக இருந்தது. சமைக்கையில் உப்பு இரண்டு முறை விழுந்தது. ஒருநாள் தன் நிலையத்தைத் தாண்டிப் போய், முன்பின் தெரியாத ஒரு மேடையில் இறங்கி மழையில் நின்றாள்.

வோக்மன் வீட்டில் இருந்திருந்தால் கை அதைத் தேடிப் போயிருக்கும். அவளுக்கே தன்னைத் தெரியும். அதனால்தான் தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதனன்றே அதை சுந்தரேஸ்வரியிடம் கொடுத்து வைத்தாள்.

சுந்தரேஸ்வரி அதே சலவைக்கூடத்தில் இஸ்திரி மெசினில் நிற்பவள், யாழ்ப்பாணத்துச் சைவக்காரி, நல்லூர்க் கந்தனுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம். ஒவ்வொரு அத்தியாயத்தையும் இதழுக்குப் போகுமுன் தேநீர் இடைவேளையில் அவளுக்குத்தான் பிளோறன்ஸ் வாசித்துக் காட்டுவாள். பித்தப்பையில் கல் என்று அவளுக்குப் பெரிய வாரத்தின் புதன்கிழமை ஒப்பரேசனுக்கு நாள் குறித்து டெர்மின் கொடுத்திருந்தார்கள். சின்ன ஒப்பரேசன்தான் என்று டொக்டர் சொன்னார். அவள் தலையாட்டினாள், நம்பவில்லை.

"மயக்க மருந்து குடுத்தால் எழும்புவனோ மாட்டனோ," என்றாள் கடைசி வேலைநாளில். "அதுக்கு முதல் எனக்கு ஒண்டு சொல்லு. அவள் ஆத்தைக் கடந்தாளோ?"

"எனக்கே தெரியாது அக்கா."

"அப்ப செவ்வாய்க்கிழமை எழுதிக்கொண்டு வா. தெரியாமல் நான் அந்தக் கட்டிலில ஏறமாட்டன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கைப்பையைத் தோளில் மாட்டிய பிறகும் வாசலை விட்டு நகரவில்லை.

செவ்வாய் பின்னேரம் பிளோறன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பையில் வெறும் தாள்தான் இருந்தது. சுந்தரேஸ்வரி கட்டிலில் சாய்ந்திருந்தாள். எதிரே வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"நீ எழுதேல்லை," என்றாள்.

"ஏலாமல் இருக்கு அக்கா. அந்தப் பாட்டில்லாமல் வருகுதில்லை."

சுந்தரேஸ்வரி தன் பையைத் துழாவி வோக்மனை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். "இஞ்சை இருக்கு. ஒருக்காக் கேள். உங்கட மாதா கோவிக்கமாட்டா. அவவும் பிள்ளை பெத்தவதானே."

பிளோறன்ஸின் கை நீண்டது. பஞ்சு தேய்ந்த ஹெட்போனில் விரல் பட்டது. இதோ ஒரு நோயாளியின் ஆசை. இதைவிட நல்ல காரணம் யாருக்குக் கிடைக்கும்? அப்போது வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு காலையில் கண்ணாடிக் கடைக்குப் புறப்பட்ட லவினியா கண்முன் வந்தாள். வாசலில் நின்று, "போட்டு வாறன் அம்மா," என்று அவள் சொன்ன விதம் வந்தது. கேட்டதை வாங்கிக்கொண்டு, கொடுப்பதாகச் சொன்னதில் கைவைப்பதா?

கையை இழுத்துக்கொண்டாள். "வேண்டாம் அக்கா. குடுத்த சொல்லு."

சுந்தரேஸ்வரி வோக்மனைத் தன் பக்கம் இழுத்தாள். "விசர்ப்பெட்டை," என்றாள். "இறைச்சியை விட்டிருக்கலாம். சரி, நீதானே நேர்ந்தனி. நான் நேரேல்லைத்தானே?"

சொல்லிவிட்டு ஹெட்போனைத் தன் காதில் மாட்டி விசையை அழுத்தினாள்.

பிளோறன்ஸுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஜன்னலில் மழை இறங்கியது. நடைபாதையில் ஒரு தள்ளுவண்டி உருண்டு போனது. சுந்தரேஸ்வரியின் கைகள் முதலில் போர்வை விளிம்பைக் கசக்கியபடி இருந்தன. வந்ததிலிருந்தே அவை நடுங்குவதை பிளோறன்ஸ் இப்போதுதான் கண்டாள். இவ்வளவு நேரமும் தன் கதையைப் பற்றித்தான் கதைத்திருக்கிறாள். சாப்பிட்டியளோ, பயமாயிருக்கோ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. எழுதும் எண்ணத்தை விட்டுவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு, அவளுடைய பாதங்களைப் போர்வையால் மூடி அதன்மேல் கை வைத்துக்கொண்டாள்.

மெல்ல மெல்லக் கைகளின் நடுக்கம் அடங்கியது. வலது கையின் ஒரு விரல் கட்டில் கம்பியில் தட்டத் தொடங்கியது. போர்வைக்குள் பாதமும் அசைந்தது. மூன்று நீண்ட தட்டு, பிறகு ஓடிப்பிடிப்பதுபோல ஒரு குறுகிய தட்டு.

பிளோறன்ஸ் நிமிர்ந்தாள். அது எந்தப் பாட்டென்று அவளுக்குத் தெரியும். கசெற்றின் முதல் பக்கத்தில், பாஞ்சோ ஒதுங்கி பிடில் தனியாக ஏறும் இடம். காதில் எதுவும் விழவில்லை. பயந்த ஒருத்தியின் விரல்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த விரல் போதுமாக இருந்தது.

ஒரு கையை அந்தப் பாதத்தின்மேல் வைத்தபடியே, மற்றக் கையால் தாளை எடுத்து மடியில் வைத்து எழுதினாள்.

கசெற் ஓடி முடிந்ததும் சுந்தரேஸ்வரி ஹெட்போனைக் கழற்றினாள். "என்ன கிறுக்கிறாய்?"

"வாசிக்கட்டோ?"

"அதுக்குத்தானே கிடக்கிறன்."

பிளோறன்ஸ் தணிந்த குரலில் வாசித்தாள். ஆற்றின் இரைச்சலில் ஹன்னாவுக்கு எதுவும் கேட்கவில்லை. எலியாஸ் கத்திய கத்தெல்லாம் தண்ணீர் தின்றுவிட்டது. அப்போது அவன் அக்கரையில், தரை கெட்டியான துறைக்கு நேரே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பிடிலைத் தோளில் வைத்தான். ஓசை வரவில்லை. அவன் முழங்கை ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. மூன்று நீண்ட இழுப்பு, பிறகு ஒரு குறுகிய இழுப்பு. அது எந்தப் பாட்டென்று ஹன்னாவுக்குத் தெரியும். கடிவாளத்தைப் பிடித்த கையின் நடுக்கம் நின்றது. அவன் நின்ற இடத்தை நேராகப் பார்த்துக்கொண்டு குதிரைகளைத் தண்ணீரில் இறக்கினாள்.

"கடந்திட்டாளோ?"

"கடந்திட்டாள். வண்டியில ஒரு சில்லுத்தான் கழண்டு போட்டுது."

"சில்லுப் போனால் போகட்டும்." சுந்தரேஸ்வரி தலையணையில் சரிந்தாள். "அவன் தண்ணியில நிண்டு விறைச்சிருப்பான். அவள் வந்தவுடன அவனுக்குக் கோப்பி போட்டுக் குடுக்கிறதாய் எழுது."

பிளோறன்ஸ் அதையும் எழுதினாள். புதன் காலை, வேலைக்குப் போகும் வழியில் ஒரு கடையிலிருந்து அந்தத் தாள்களைப் பாரிசுக்குத் தொலைநகலில், பக்ஸில், அனுப்பினாள். மத்தியானம் சுந்தரேஸ்வரியின் மகன் தொலைபேசியில், "அம்மா எழும்பிட்டா," என்றான்.

உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்ததும் பிளோறன்ஸ் ஒரு தூக்குவாளியில் கஞ்சியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். படிகளில் ஏறும்போதே காது தினவெடுத்தது. சுந்தரேஸ்வரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். நிறம் திரும்பியிருந்தது. வோக்மனை அவளே எடுத்து நீட்டினாள்.

"இந்தா. உன்ர தவக்காலம் முடிஞ்சுது."

பிளோறன்ஸ் ஹெட்போனை மாட்டி விசையை அழுத்தினாள். பிடில் ஒரு கணம் முனகி, குரல் தடித்து, நின்றுபோனது.

"பற்றரி," என்றாள் சுந்தரேஸ்வரி, பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. "இரவில நித்திரை வரேல்லை. கொஞ்சம் கூடக் கேட்டுப்போட்டன்."

பிளோறன்ஸுக்குச் சிரிப்பு வந்தது. வோக்மனை அவளுடைய தலையணைக்குப் பக்கத்திலேயே திரும்ப வைத்தாள்.

"நாளைக்குப் பற்றரி கொண்டு வாறன். நீங்கள் வீட்டை போகுமட்டும் இஞ்சையே இருக்கட்டும். இப்ப கஞ்சியைக் குடியுங்கோ, ஆறுது."