குறியில்லாத வெளிச்சம்

1.
இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. நெடுந்தீவு யசோதராவின் ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதல் வரியை இப்படி எழுதினேன்: 'கோடி நட்சத்திரங்களின் கீழே, கடல் தாலாட்டும் தீவிலே, ஓர் இளம்...'

வேண்டாம் வாசகரே. இப்படித் தொடங்கும் கதையை நானே வாசிக்கமாட்டேன்.

2.
சங்கதி இதுதான். நட்சத்திரமில்லாத இருண்ட வானத்திலும் புறஊதா ஒளி மெல்லப் பரவிக் கிடக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாது, விண்கலக் கருவிகளுக்குத் தெரியும். பூமியின் காற்று தரும் ஒளியைக் கழித்து, விண்வெளித் தூசியில் பட்டுச் சிதறும் நட்சத்திர ஒளியையும் கழித்தால், பிறகும் கொஞ்சம் மிஞ்சுகிறது.

யசோதரா தன் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டில் அந்த மிச்சத்தையும் தூசியின் தலையில் கட்டிவிட்டாள். வாய்மொழித் தேர்வு அடுத்த கிழமை.

3.
அன்று காலை அவள் கணவன் றஜீவன் தங்கள் மாடுகளோடு வந்த ஒரு கன்றை விரட்டிக்கொண்டிருந்தான். (இங்கே மாடுகள் அவிழ்த்துவிட்டபடி மேயும். உடம்பில் சுட்ட குறிதான் யாருடையது என்று சொல்லும். இதற்குக் குறியில்லை.)

"ஆற்றை கண்டு?" யாருடைய கன்றென்று கேட்டாள் யசோதரா.

"ஆருக்குத் தெரியும்? குறியில்லையெண்டா பக்கத்துப் பட்டியில சேர்த்துவிடுறதுதானே."

யசோதரா தேத்தண்ணீரோடு அப்படியே நின்றாள். ['மின்னல் வெட்டியதுபோல' என்று எழுதி அடித்துவிட்டேன்.] தானும் அதையேதான் செய்திருக்கிறாள். மாடு வளர்க்கும் வீட்டுப் பழக்கம், ஆய்வேடுவரை வந்துவிட்டது!

மடிக்கணினியைத் திறந்து, தூசி குறைந்த வானப் பகுதிகளை மட்டும் பிரித்துப் பார்த்தாள். தூசியின் ஒளியென்றால் அங்கே குறைய வேண்டும். குறையவில்லை. எந்தத் திசையில் பார்த்தாலும் மிச்சம் மிச்சமாகவே நின்றது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

4.
இங்கே எனக்கு ஆசை முற்றிவிட்டது. அண்டத்திலுள்ள பொருளில் பெரும்பகுதியாக இருந்தும் எவருமே கண்டிராத கரும்பொருளிலிருந்துதான் இந்த ஒளி கசிகிறது என்று அவள் அறிவிக்க, உலகமே எழுந்து...

"அப்பிடி எழுதாதேங்கோ," என்றாள் தொலைபேசியில். "கரும்பொருளாயும் இருக்கலாம். அதுக்கு மேல ஒரு சொல்லும் போடாதேங்கோ."

"கதை சப்பெண்டு போயிடுமே, பிள்ளை?"

"அதுவும் பக்கத்துப் பட்டிதான், அண்ணை."

5.
தேர்வு இணையவழி நடந்தது.*

"தூசியெண்டு எழுதிப்போட்டு இப்ப இல்லையெண்டுறீர். உமக்குப் பட்டம் வேண்டாமே?" என்றார் பேராசிரியர் தியாகலிங்கம்.

அவள் புதிய வரைபடங்களைத் திரையில் காட்டினாள்.

"அப்ப இது என்ன?"

"தெரியாது, சேர். ஆனா இருக்குது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் இவ்வளவு காலமும் தூசியெண்டுதான் படிப்பிச்சனான்," என்றார். பிறகு முகம் மலர்ந்தது. "வாழ்த்துகள், கலாநிதி யசோதரா!"

வெளியே நின்ற றஜீவன் போட்ட கூச்சலில் அயல் முழுக்கத் திரண்டு வந்தது.

* ஆங்கிலத்தில்தான். தமிழும் அதிலுள்ள பிழைகளும் என்னுடையவை.

6.
அந்த ஒளி என்ன என்பதற்கு மூன்று முடிவுகள் எழுதிவைத்திருந்தேன். மூன்றையும் கிழித்துவிட்டேன். பட்டத்தையே பணயம் வைத்து அவள் வெறுமையாக விட்ட இடத்தை நிரப்ப நான் யார்? இதோ, அந்த இடம். தெரிந்தவர் எழுதுங்கள். தெரியாதவர் அவளைப்போலத் தலைநிமிர்ந்து தெரியாதென்று சொல்லுங்கள்.

அந்த ஒளி ____________