பெயர் கேட்கும் குழி

இன்றைக்கும் அது என்னிடம்தான் கேட்கப்போகிறது என்று அரிசி களைந்துகொண்டே நினைத்தாள் பக்காபால்காரி. கேட்டது. "ஒரு பேர் இருக்காக்கா?" என்றது குழி. பக்கத்து வீட்டுப் பெண் கொஞ்சம் உப்பு கேட்பது போன்ற குரல். அவள் கழுநீரைச் சாய்த்தாள். பாத்திரத்தின் அடியில் நாலைந்து தங்கத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நேற்றும் இருந்தன. பத்தொன்பது நாட்களாகக் குழி இப்படித்தான் விடிந்ததும் கேட்கிறது; கேட்பதற்கு முன்பே அரிசியிலோ உப்பிலோ முன்பணம் போல எதையாவது போட்டு வைக்கிறது.

லாவா ஆற்றின் சூரினாம் நாட்டுக் கரையில், படகுத்துறையிலிருந்து நாலு மணி நேர நடையில் இருக்கிறது அந்தச் சுரங்கக் கூடாரம். அங்கே வேலை செய்தவர்கள் எல்லோரும் பிரேசில்காரர்கள். இந்த நாட்டில் இருப்பதற்கான தாள் ஒருவரிடமும் கிடையாது. காடு, ஆற்றோரக் கிராமங்களில் பரம்பரையாக வாழும் ஆற்றுக்காரர்களுடையது. பத்தில் ஒரு பங்கு தங்கம் அவர்களுக்குப் போய்விடும். மற்றபடி அவர்கள் குழிப்பக்கம் வருவதில்லை, ஏன் வருவதில்லை என்று சொல்வதும் இல்லை. அக்கரை பிரெஞ்சுக்காரர்களுடையது. அங்கே போனால் சிப்பாய்கள் இயந்திரங்களைக் கொளுத்துவார்கள். எனவே இங்கேயே மண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து, சேற்றைக் கம்பளம் விரித்த பெட்டி வழியே ஓடவிட்டு, பத்து நாளைக்கு ஒருமுறை கம்பளத்தை உதறி, அதில் படிந்த தங்கத்தைப் பங்கு போட்டு வாழ்ந்தார்கள்.

சுரங்கக் கூடாரங்களில் ஞானஸ்நானப் பெயரை யாரும் சொல்வதில்லை. ஒருவன் மனைவியிடமிருந்து ஓடி வந்திருப்பான், ஒருவன் போலீசிடமிருந்து. பெயர் கேட்பது, இடுப்பில் எத்தனை கிராம் வைத்திருக்கிறாய் என்று கேட்பதைப் போன்ற அநாகரிகம். பாதிரி, ஆமை, மொட்டை, அட்டை என்று அழைத்துக்கொள்வார்கள். இயந்திரங்களின் சொந்தக்காரன் தெற்கத்தியான். ஆனால் புதிதாக வருகிறவன் முதல்முறை குழியில் இறங்குவதற்கு முன்னால் அடுப்பங்கரைக்கு வந்து, சமையல்காரியின் காதில் தன் முழுப் பெயரையும் தாயின் ஊரையும் ஒரே ஒரு தடவை சொல்லுவான். செத்தால் சேதி போக வேண்டுமே. பக்காபால் ஊரிலிருந்து வந்தவள் என்பதால் அந்தப் பெயர் பெற்ற இவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பதினொரு வருடத்தில் ஏழு கூடாரங்களில் கேட்ட அறுபத்துச் சொச்சம் பெயர்களும் அவள் தலைக்குள்தான் இருந்தன.

குழிக்குப் பெயர் வேண்டும் என்பது ஆமையால்தான் தெரியவந்தது. ஊரில் அவனுக்குப் பெண் பிறந்த செய்தி வந்தபோது, குழியின் விளிம்பில் நின்று இரண்டு கையையும் தூக்கி, ஜோசிவால்தோ பெரைரா லீமா ஆகிய நான் அப்பனாகிவிட்டேன் என்று கத்தினான். பதினோரு வாரமாக அசையாமல் நின்ற மண்சுவர், கால் வலித்த பெண்பிள்ளை உட்காருவதுபோல், அவனையும் சேர்த்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தது. இரண்டு நாள் தோண்டினார்கள். ஒரு காலணிகூடக் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் கம்பளத்தை உதறியபோது, வழக்கமாகத் தொண்ணூறு கிராம் வருகிற இடத்தில் ஒரு கிலோ இருநூறு கிராம் வந்தது. பங்கு போட்டார்கள். ஆமையின் பங்கையும் எடுத்து வைத்து அவன் ஊருக்கு அனுப்பினார்கள், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஐந்து வாரம் கழித்து மலேரியாவில் கிடந்த மொட்டை, அம்மா கூப்பிடுகிறாள் என்று சொல்லித் தன் பெயரைத் தானே உளறிக்கொண்டு எழுந்து நடந்தான். பகல் பத்து மணி, எல்லோரும் பார்த்தார்கள். அவன் குழிக்குள் இறங்கியதும் சேறு அவன்மேல் மூடிக்கொண்டது, பாலில் ஆடை படிவதைப்போல. அந்த முறை ஒன்றரைக் கிலோ.

அதற்குப் பிறகு கூடாரத்தில் எல்லோரும் வாயில் துணி கட்டிக்கொண்டு தூங்கினார்கள். பாதிரி வேலை நேரத்தில் நாக்கின் அடியில் ஒரு கூழாங்கல்லை வைத்துக்கொண்டான். மூன்று பேர் போய்விட்டார்கள். மீதி ஆறு பேர் போகவில்லை. வெறுங்கையோடு ஊர் திரும்புவதைவிடப் பயத்தோடு இருப்பது அவர்களுக்குப் பழகியிருந்தது. அவர்கள் வாயை மூடிக்கொண்டதும் குழி வறண்டது. கம்பளத்தில் பதினைந்து கிராம், பிறகு ஆறு, பிறகு வெறும் மணல். அப்போதுதான் அது பக்காபால்காரியிடம் கேட்கத் தொடங்கியது.

அவள் குழியை ஒருநாளும் அருகில் போய்ப் பார்த்ததில்லை. பெண்பிள்ளை எட்டிப் பார்த்தால் தங்கம் ஒளிந்துகொள்ளும் என்று விடமாட்டார்கள். அவளைத் தேடிக் குழிதான் வந்தது. முதல் வாரம் அவள் பயந்தது அந்தக் குரலுக்கு. இரண்டாம் வாரம் ஒரு மத்தியானம், காராமணிக் குழம்பை அகப்பையால் ஊற்றிக்கொண்டிருந்தபோது, தலைக்குள் இருந்த பெயர்கள் ஒரு வரிசையில் நிற்பதைக் கவனித்தாள். முன்பெல்லாம் அவை ஒரு சாக்கில் கொட்டிய உருளைக்கிழங்குபோலக் கிடக்கும். இப்போது முதலில் ஒருவன், அடுத்து ஒருவன். யார் போனால் யார் அழுவார்கள், யாருக்குப் பிள்ளை இல்லை, யார் தட்டைக் கழுவாமல் போடுகிறான் என்று அவளுக்குத் தெரியாமல் அவள் மனம் பார்த்துப் பார்த்து அடுக்கி வைத்திருந்தது. வரிசையில் முதலில் நின்றவன் அட்டை.

அதற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் காய்ச்சலில் கிடந்தபோது, மகள் வீட்டுக் கூரைக்காகத் தலையணைக்குள் சேர்த்திருந்த முப்பது கிராமை எடுத்தவன் அட்டை. கேட்டதற்குக் கன்னத்தில் அறைந்தான். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே அவனைச் சுட்டிருப்பார்கள். சொல்லாததை இரக்கம் என்று அவள் தனக்குள் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. அவனுக்குச் சோறு போடும்போதெல்லாம் இறைச்சித் துண்டு பானையின் அடியிலேயே தங்கிவிடும், அவ்வளவுதான்.

இப்போது அட்டைக்குக் காய்ச்சல். ஒன்பது நாளாக ஊஞ்சல் படுக்கையில் கிடந்தான், கண் மஞ்சளாகிவிட்டது. ஒரு மத்தியானம் சாப்பாடு முடிந்த பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை. தெற்கத்தியான் தொண்டையைச் செருமினான்.

"அக்கா, சுத்தி வளைக்காம கேக்கறேன். டீசல் இன்னும் நாலு நாளைக்குத்தான். ஒரே ஒரு பேரு. நீங்க குழிப்பக்கம் வரவே வேணாம். எங்ககிட்ட சொன்னாப் போதும்."

"யாரோட பேரு?"

ஐந்து தலைகளும் ஊஞ்சல் பக்கம் திரும்பின.

"அவன் எப்படியும் போற ஆளுதான்க்கா," என்றான் பாதிரி, கூழாங்கல்லைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. "டாக்டர் இருக்கற ஊருக்கு ரெண்டு நாள் ஆவும்."

"ரெண்டு நாள்தானே. தூக்கிட்டுப் போயேன் தம்பி."

பாதிரி தன் கால் நகத்தைப் பார்த்தான்.

"எனக்கு மறந்துபோச்சு," என்றாள் அவள்.

"போன கிறிஸ்துமசுக்கு நான் எத்தனை கோழிக்கால் தின்னேன்னு இன்னிவரைக்கும் சொல்லிக் காட்டறீங்க," என்றான் தெற்கத்தியான். "பேரு மட்டும் மறந்துபோச்சாக்கும்."

சிரித்தார்கள். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சிரித்தவர்கள் அவளை விட்டுவிட்டு நேராக அட்டையிடமே போனார்கள். அதுதான் அவர்கள் செய்த தவறு.

"டேய் அட்டை, உங்கம்மா உன்ன என்னன்னுடா கூப்புடுவா?"

"என்னிக்கி?" என்றான் அட்டை. "காசு அனுப்பின அன்னிக்கா, அனுப்பாத அன்னிக்கா?"

அதற்கும் சிரித்தார்கள். ஆனால் அட்டை சிரிக்கவில்லை. யோசித்தான். இருபத்தாறு வருடம் அவனை அட்டை என்றே கூப்பிட்டிருந்தார்கள். தாளெல்லாம் ஒரு படகு கவிழ்ந்தபோது போயிருந்தது. மிச்சத்தைக் காய்ச்சல் தின்றுவிட்டது. அவன் முகம் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறவன் முகம்போல ஆனது. பிறகு தேட ஆரம்பித்தான், சத்தமாக. அந்தோனியோ, மனோவேல், செபஸ்தியோ, பெனெதித்தோ என்று நினைவுக்கு வந்த புனிதர்களின் பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாக வாயில் போட்டுப் பார்த்தான், சாவியைப் பூட்டில் போட்டுப் பார்ப்பதுபோல. பாதி நாள் கூடாரம் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இவற்றில் எது எதிரே இருக்கிறவனின் பெயர் என்று ஒருவருக்கும் தெரியாது. தன் பெயர் மட்டும் அவரவருக்குத் தெரியும். ஒரு பெயருக்குக் குழியின் கீழ்ச்சுவரிலிருந்து ஒரு கூடை மண் சரிந்தது. குடும்பப் பெயர் சேராததால் அதோடு நின்றது. பாதிரி எழுந்து பையைக் கட்டினான். வேறொரு பெயருக்கு மறுபடியும் மண் சரிய, இன்னொருவனும் எழுந்தான். ஒருவரை ஒருவர் பார்க்காமல், விடைபெறாமல் படகுத்துறைக்கு நடந்தார்கள். தெற்கத்தியான் அட்டையின் வாயில் சட்டையைச் சுருட்டி அடைக்கப் போனான். காய்ச்சல்காரன் கடித்துவிட்டான். அடுத்த நாள் தெற்கத்தியானும் மீதி இருவரும் இயந்திரங்களைக் கழற்றப் போவதாகச் சொல்லிவிட்டு, கழற்றாமலேயே போனார்கள்.

பக்காபால்காரி போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவளையே கேட்டிருந்தால், அடுப்பில் கஞ்சி இருந்தது என்று சொல்லியிருப்பாள். இரண்டு வேளை கஞ்சியை ஊஞ்சலில் கிடந்தவனுக்கு ஊற்றினாள். இரண்டாம் வேளை அதில் இறைச்சியும் போட்டாள். போட்ட கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் அவன் தானே எழுந்து, மரத்துக்கு மரம் கைவைத்து, அடுப்பங்கரைக்கு வந்து உட்கார்ந்தான். முன்னொருநாள் அவள் காதில் பெயர் சொன்ன அதே ஆள் என்று சொல்ல முடியாதபடி சுருங்கியிருந்தான்.

"அக்கா. நான் உங்ககிட்ட சொன்னேன்ல? வந்த அன்னிக்கி?"

"சொன்னே."

"ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப சொல்லுங்க. சாகப்போறவன் யாருன்னாவது தெரிஞ்சுக்கறேன்." மூச்சு வாங்கினான். "நானே போயி அதுகிட்ட சொல்லிக்கறேன். வர்றத நீங்க எடுத்துக்குங்க. உங்க முப்பது கிராமு... அது நான்தான் எடுத்தேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் பேரச் சொல்ல மாட்டீங்களா?"

அவள் அடுப்பை ஊதினாள். ஊத வேண்டிய தேவை இல்லை. மகள் வீட்டுக்குக் கூரை இல்லை. இவன் பிழைக்கப் போவதில்லை. இவனே வந்து கேட்கிறான். கன்னத்தில் விழுந்த அறையின் சூடு இரண்டு வருடம் கழித்தும் அதே இடத்தில் இருந்தது. இரக்கமும் பழியும் ஆசையும் நியாயமும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே பெயரைத்தான் காட்டின. அவளுக்குள் இருக்கும் எல்லோரும் இப்படி ஒரே குரலில் பேசி அவள் கேட்டதில்லை. அந்தக் குரல் பக்கத்து வீட்டுப் பெண் உப்பு கேட்கிற குரலாக இருந்தது.

காட்டில் ஒரு பூச்சியும் கத்தவில்லை. பெயர் முழுதாக, தாயின் குடும்பப் பெயரோடும் தந்தையின் குடும்பப் பெயரோடும், அவள் நாக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. அழகான பெயர். அவனுக்குப் பொருந்தவே பொருந்தாது.

"அது என் பேரு அக்கா," என்றான் அவன். "உங்களுது இல்ல."

"ஆமா. உன்னோடதுதான்."

"அப்ப குடுங்க."

அவள் எச்சிலை விழுங்கினாள். விறகை உள்ளே தள்ளி வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"மாட்டேன் தம்பி," என்றாள்.

அந்தப் பக்கம் குழியும் காத்துக்கொண்டுதான் இருந்தது. அதற்கென்று தனியாக அவள் எதுவும் சொல்லவில்லை.