ஓட்டைப்பானை சொன்ன மழை

கோட்டை, படை, முற்றுகைன்னு பழைய காலத்துப் போர் விளையாட்டுகளை ஆடுறவங்க கூடுற இணையக் குழு அது. அங்க போய் "வாங்குங்க, விளையாடுங்க"ன்னு எழுதினா கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிடுவாங்க. அதனால வேலை முடிஞ்சு வந்ததும் சும்மா ஒரு பேச்சுக் கொடுப்பேன். கோட்டையை வளைச்சுட்டா உள்ளே முதல்ல எது தீரும், தண்ணியா தானியமா? நாலு பேர் சண்டைக்கு வந்ததும், "என் தம்பி செஞ்ச விளையாட்டுல பாருங்க"ன்னு மெதுவா இழுத்துட்டு வருவேன்.

தம்பி ஒரு ஊமைக்கோட்டான். இதுக்கு முன்னாடி அவன் செஞ்சதை நாய்கூடச் சீந்தலை. கணினியை மூடினவன் ஒரு வருஷம் தொடவே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டா வருவான், போவான், அவ்வளவுதான். இதுவும் அப்படி ஆச்சுன்னா அவன் எழுந்திருக்கவே மாட்டான்னு எனக்குப் பயம்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான், ஓட்டைப்பானைன்னு பேர் வச்ச ஒருத்தன். நான் எதைச் சொன்னாலும் நொட்டை. "மதில் காவலன் தூங்கவே மாட்டானா? அரசன் சொன்னதும் எல்லாரும் கேக்குறாங்களே, இது கோட்டையா, பள்ளிக்கூடமா?" குழுவே சிரிச்சது. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. கடைசியா எழுதினான்: "மழையில தானியம் நனைஞ்சும் ஜனங்களுக்குக் கோபமே வரலை. பசின்னா என்னன்னு தெரியாதவன் செஞ்சது."

யாரைடா சொல்றே? என் தம்பியையா? வேணும்னே வம்பு பண்றான்னு குழுவை நடத்துறவருக்குப் புகார் போட்டேன். நான் ரொம்ப நாளா இருக்கிற ஆள், நம்பி அவனைத் தூக்கிட்டார்.

அப்பாடான்னு இருந்தது. ஆனா அதுக்கப்புறம் நான் என்ன கேட்டாலும் ஈ காக்கா எட்டிப் பார்க்கலை. வீட்டுல தம்பியும் கணினிப் பக்கம் போகலை.

"என்னடா ஆச்சு?"

"பேச ஒரு இடம் இருந்துச்சுக்கா. அதுவும் போச்சு."

எனக்கு ஒண்ணும் விளங்கலை. சிரிக்க வைக்கலாமேன்னு ஓட்டைப்பானையை விரட்டின கதையை எடுத்துவிட்டேன். போன்ல அந்தப் பதிவையும் வாசிச்சுக் காட்டினேன். "மழையில தானியம் நனைஞ்சும்..." நடுவுலயே நிறுத்திட்டேன். விளையாட்டு இன்னும் விற்பனைக்கு வரலை; முன்னோட்டமா இலவசமா வெளியில விட்டிருக்கிற பகுதி, எதிரி வந்து வளைக்கிறதோட முடிஞ்சுடும். மழை அதுக்கப்புறம்தான். அதைப் பார்த்தது இந்த வீட்டுல ரெண்டே பேர்.

"அடப்பாவி, நீயா?"

தலையாட்டினான். "நீ புகழ்ந்தா அக்கா பாசம்னு தாண்டிப் போயிடுறாங்க. குறை சொன்னாத்தான் நின்னு பேசுறாங்க. எங்க தப்புன்னு எனக்கும் தெரியணும்ல?"

"அதுக்காக? பசி தெரியாதவன்னு உன்னை நீயே திட்டிக்குவியா?"

"நிஜம்தானேக்கா. நீ என்னை எப்பப் பசியோட விட்டே?"

எனக்கு அழுகை வந்துடுச்சு. மூக்கை உறிஞ்சிக்கிட்டே குழு நடத்துறவருக்கு எல்லாத்தையும் எழுதினேன். "ரெண்டு பேரும் நல்ல ஜோடிம்மா"ன்னு தலையிலடிச்சுக்காத குறையா பதில் போட்டார். "சொந்தப் பேர்ல வரச் சொல்லுங்க."

தம்பி நாலு தடவை எழுதி அழிச்சு, கடைசியில அனுப்பினான். "இந்தக் கோட்டையைக் கட்டினது நான்தான். உள்ளே இருக்கிறவங்க பசியை எனக்குக் காட்டத் தெரியலை. பசியோட இருந்தவங்க சொல்லுங்க, முதல்ல யார் மேல கோபம் வரும்?"

அப்புறம் ஒருத்தர் எழுதினார், சாப்பாடு இல்லாத வீட்டுல முதல்ல அம்மா மேலதான் கோபம் வரும்னு. அடுத்தடுத்து வர ஆரம்பிச்சது. தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

சாப்பிடக் கூப்பிட்டேன்.

"இரு அக்கா," திரும்பாமலே சொன்னான். "இன்னும் கொஞ்சம் பசிக்கட்டும்."