கை காட்டினால்தான் வண்டி

சலூனுக்குப் பின்னால் இருந்த அறையில், பழைய கதவுப் பலகையின் மேல் ஒரு சரக்கு நிலையமே இருந்தது. மூன்று தண்டவாளம், தீப்பெட்டி அளவில் சில சரக்குப் பெட்டிகள், முனகிக்கொண்டே ஊரும் ஓர் எஞ்சின். கடைக்கு விடுமுறை என்றால் சலூன்காரரும் அவருடைய மச்சினனும் அங்கேதான் கிடப்பார்கள். மச்சினன் பஸ் கண்டக்டர். வாரமெல்லாம் விசில் ஊதி இன்னொருவன் வண்டியை நிறுத்துகிறவன், இங்கே மட்டும் டிரைவர்.

நிஜ ரயில் யார்டில் நடப்பதுபோலத்தான் நடக்க வேண்டும் என்பது சலூன்கார அத்தானின் சட்டம். பெட்டியைக் கையால் தூக்கக் கூடாது. பேசக் கூடாது, எஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? மறுமுனையில் நின்று அவர் கை காட்டுவார். கை ஆடினால் வா. அசையாமல் நின்றால் நில்.

"ஊமைப் படம் ஆரம்பிச்சாச்சா?" என்று அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

அன்று, ஆலைக்குப் போவதாக வைத்துக்கொண்ட தடத்தின் கோடியில் ஒரு பெட்டியை விட வேண்டும். அந்தத் தடம் பலகையின் விளிம்போடு முடிகிறது. கண்டக்டர் குனிந்து, அத்தானின் கையிலேயே கண்ணை வைத்து, எஞ்சினை ஓட்டும் குமிழைத் திருகினான். கை ஆடியது. தள்ளினான். இன்னும் ஆடியது. இன்னுமா என்று தோன்றியது; ஆனால் சட்டம் சட்டம்தானே. தள்ளினான்.

பெட்டி விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தது. ஒரு சக்கரம் கழன்று அலமாரிக்கு அடியில் ஓடி ஒளிந்தது.

"நிறுத்தச் சொன்னேனேடா!"

"கவனிக்கலை அத்தான். என் தப்புதான்."

"நீயா? கண்ணு கொட்டாம பார்த்துட்டுதானே இருந்தே." சொல்லிவிட்டு அவர் தம் வலது கையைப் பார்த்தார். அது இன்னும் அந்தரத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது.

கண்டக்டர் சுவரைப் பார்த்தான். சுவருக்கு அந்தப் பக்கம் சுழல் நாற்காலி, கண்ணாடி, சவரக் கத்தி. போன வாரம் தன் தாடையில் கீறல் விழுந்தபோது, "அசைஞ்சுட்டியேடா" என்று அவர் திட்டியதும், "ஆமா" என்று தான் ஒப்புக்கொண்டதும் நினைவுக்கு வந்தன. அவன் அசையவே இல்லை.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன். இது நிக்காதாம். கூட்ஸ் வண்டி மாதிரி மெதுவா வருமாம், ஆனா வந்துட்டே இருக்குமாம்." சிரிக்கப் பார்த்தார். "அக்கா காதுல போட்டுடாதே. இந்தக் கைதான் சோறு போடுது. சரி, அடுத்த பெட்டியை எடு."

மறுமுனைக்குப் போய், இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இப்போது இரண்டு கையும் ஆடின.

பெட்டி விளிம்பை நெருங்கியது. நிறுத்தினால் அந்தக் கையை நம்பவில்லை என்றாகும். நிறுத்தாவிட்டால் இதுவும் விழும். கண்டக்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விரல் தானாகவே குமிழைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டது.

"மாப்ள," என்றார் அத்தான், ஆட்டத்துக்கு நடுவே முதல் தடவையாகச் சட்டத்தை மீறி. "இப்ப காட்டினது 'நில்'லுடா."

"நின்னுட்டேன் அத்தான்."

"என்ன அதிசயம், ஊமைப் படம் பேசுது!" உள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது.