ஒன்பதாவது டைல்ஸ்

சமையலறையில் முதல் அடி விழுந்தபோது யாரோ கதவைத் தட்டுவதாக நினைத்தாள். இரண்டாவது அடியில் புரிந்துவிட்டது. டைல்ஸ் ஒட்டுகிறவனோடு இருபது வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு உளிச் சத்தம் தெரியாமல் போகுமா? கணவனின் தலைமாட்டிலிருந்து எழுந்து, துக்கத்துக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி ஓடினாள்.

கொழுந்தன் அடுப்பு மேடையில் மண்டியிட்டிருந்தான். கையில் அண்ணனுடைய உளி. இரண்டு டைல்ஸ் கழன்று மேடையில் கவிழ்ந்து கிடந்தன. ஒன்றின் மூலை உடைந்திருந்தது.

"என்ன பண்றே நீ?"

ஆறு மாதத்தில் அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"தொழில்காரன் அத்தனை பேரும் வந்திருக்கான் அண்ணி. தண்ணி குடிக்க உள்ள வர்றவன் எல்லாம் இதைப் பார்த்துட்டுப் போறான். எங்க அண்ணன் ஒட்டினது இப்படின்னா ஞாபகம் வச்சுக்கணும்? நாலு மணிக்குத்தான் வண்டி வருது. அதுக்குள்ள எடுத்துட்டு நேரா ஒட்டிடுறேன்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அந்தச் சுவரின் இடது பாதியைக் கணவன் அரை நாளில் ஒட்டினான். கோடு பிசகாது. மட்டம் பார்க்கக் கருவியே வேண்டாத கண் என்பதால் கூட்டாளிகள் அவனை ரசமட்டம் என்றே கூப்பிட்டார்கள். வலது பாதியை ஒட்ட மூன்று வாரம் ஆனது. வரிசை மேலே ஏறிக் கீழே இறங்கியது. விரலால் தட்டினால் உள்ளே ஒன்றும் இல்லாததுபோல் பொள்ளலாகச் சத்தம் வரும். இரண்டு பாதிக்கும் நடுவில்தான் அவன் வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்தான். ஹெல்மெட் கேட்டவனுக்கு நாளைக்கு வரும் என்று சொன்ன கட்டடக் கம்பெனி அது.

மருத்துவர் பொறுமையாகத்தான் விளக்கினார். "மண்டை ஓடு உடையறது ஒரு வகை. உள்ள ரத்தம் கட்டறது ஒரு வகை. இது வேற. மூளை குலுங்கி, உள்ள இருக்கற இழையெல்லாம் இழுபட்டுப் போச்சு. ஸ்கேன்ல பெரும்பாலும் தெரியாது. ஆளைப் பார்த்தாலும் தெரியாது. கூட இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

கூட இருந்தவளுக்கு நன்றாகவே தெரிந்தது. குளித்தோமா, சாப்பிட்டோமா, இன்றைக்கு என்ன கிழமை என்று நாள் முழுக்கக் கேட்டான். நஷ்டஈட்டு வழக்கில் கம்பெனி ஒரே வரியில் பதில் போட்டது: நடக்கிறார், பேசுகிறார், நடிக்கிறார். பிறகு வலிப்பு வர ஆரம்பித்தது. நேற்றுக் காலை வந்தது நிற்கவே இல்லை.

"இந்தச் சுவர்தான்டா கேஸே," என்றாள். "கோர்ட்டுல இருந்து ஆள் வந்து பார்க்கற வரைக்கும் ஒரு டைல்ஸ் அசையக்கூடாதுன்னு வக்கீலம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க. அடிபடறதுக்கு முன்னாடி ஒரு பாதி, அப்புறம் ஒரு பாதி. தலையில கல்லைப் போட்டுட்டியே."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "எனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. சாட்சி சொல்ல வா என்று அவள் கூப்பிட்டபோது, அதே கம்பெனியில்தான் தனக்கும் வேலை, வந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றான். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தியவள் அவள்தான். கோபம் தன்னுடையது, வினையும் தன்னுடையது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கொழுந்தன் உளியைக் கீழே வைத்து, உடைந்த டைல்ஸைத் திரும்ப ஒட்டலாமா என்று புரட்டினான். அதைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான்.

பின்பக்கத்தில் நான்கு ஓரத்திலும் கலவை ஒட்டியிருந்தது. நடுவில் உள்ளங்கை அளவு வெறுமையாக இருந்தது. அந்த இடத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. குச்சி குச்சியான கணவனின் எழுத்து.

எட்டாவது. தண்ணியில் நனைச்சாச்சு. மறுபடி நனைக்காதே. அடுத்தது இதுக்கு வலப்பக்கம்.

"எழுத்து அழியக் கூடாதுன்னு நடுவுல பூசாம விட்டிருக்காரு," என்றான் கொழுந்தன். "அதான் பொள்ளல் சத்தம். நான் என்னடான்னா, அண்ணனுக்குப் பூசக்கூட மறந்து போச்சுன்னு நினைச்சேன்."

அவன் இன்னொன்றையும் துடைத்துக் கொடுத்தான்.

ஒன்பதாவது. மேல் பக்கம் எதுன்னு அம்புக்குறி போட்டிருக்கேன். இன்னைக்குச் செவ்வாய். அவகிட்டக் கேக்காதே, மூணு தடவை கேட்டாச்சு. பாவம், கடையில நின்னுட்டு வந்திருக்கா.

மருந்துக் கடை வேலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த ஏதோ ஒரு செவ்வாய். எத்தனை தடவைதான் சொல்வது என்று கத்தியது நினைவிருந்தது. அதை அவன் மறந்திருப்பான் என்று அவளாக முடிவு செய்துகொண்டதும் நினைவிருந்தது. டைல்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். நேற்றிலிருந்து வராத அழுகை.

துக்கம் கேட்க வந்த வக்கீலம்மா சமையலறை வாசலிலேயே நின்று இரண்டையும் வாங்கிப் படித்தார். ஒரு முறை படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"யாரும் பார்க்கப் போறதில்லைன்னு தெரிஞ்ச இடத்துல ஒருத்தர் நடிப்பாரா? இதுக்கு அவங்க பதில் சொல்லட்டும்," என்றார். "எடுத்தது எடுத்தபடியே இருக்கட்டும். போட்டோ பிடிச்சுக்கறேன். மிச்சத்தைக் கோர்ட்டு ஆள் முன்னாடிதான் கழட்டணும்."

"அவரே போயிட்டாரே. இனிமே கேஸ் நிக்குமா?"

"நிக்கும்மா. நீங்களும் பொண்ணும் நடத்தலாம். அந்த அடியாலதான் வலிப்புன்னு மருத்துவர் எழுதித் தர்றேன்னிருக்காரு. ஆனா எடுத்தது எப்படின்னு யாராவது ஒருத்தர் வந்து சொல்லணும்."

கொழுந்தன் சுவரருகே போனான். பிறகு பத்தாவதை விரல் முட்டியால் தட்டினான். பொள்ளல். பதினொன்று. பொள்ளல். வரிசை முடியும் வரை தட்டிக்கொண்டே போனான்.

"நான்தானே எடுத்தேன். நான்தான் வந்து சொல்லணும்," என்றான். "போனாப் போகுது அந்த வேலை. பூச்சுக் கரண்டி பிடிக்கத் தெரிஞ்சவனுக்குச் சுவரா கிடைக்காது?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். "காலையில இருந்து ஏதாவது சாப்பிட்டியா?"

"இல்ல அண்ணி."

"மேடையில பிளாஸ்க் இருக்கு. காபியாவது குடி. சுவத்துல சாயாதே."

நாலு மணிக்கு வண்டி வந்தது. தூக்குவதற்கு முன் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மகள் அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு நகர்ந்துகொண்டாள். அவள் குனிந்து, கணவனின் காதருகே வாயை வைத்தாள்.

"இன்னைக்கு வியாழக்கிழமைங்க," என்றாள்.